ஓக் காட்டு மடாலயம்: ஆறாவது வாரம்

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1809-10இல் வரைந்த ‘ஓக் காட்டில் மடாலயம்’ ஓவியத்தைப் பார்த்து ஆயில் பெயின்டில் வரைந்துகொண்டிருக்கிறேன். மூல ஓவியம் பெர்லினில் இருக்கிறது, உயரம் 110 செ.மீ., அகலம் 171 செ.மீ. நான் ஐந்தில் ஒரு பங்காக, 22க்கு 34 என்று கேன்வாஸை அளந்துகொண்டேன்.

பென்சில் வேலை இரண்டு நாளில் முடிந்துவிட்டது. நடுவே இடிந்த தேவாலயச் சுவர், அதில் உயரமான கூர்வளைவு ஜன்னல், இருபுறமும் இலையில்லாத ஓக் மரங்கள். ஒவ்வொரு மரமும் வேறு விதமாக முறிந்திருக்கிறது, மனம்போன போக்கில் கிளை போட முடியாது.

சிக்கல் கீழ்ப்பகுதியில் வந்தது. படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கு இருட்டு. நான் நேராகக் கருப்பை எடுத்துப் பூசினேன். காய்ந்ததும் தார் ஊற்றிய மாதிரி இருந்தது. அப்புறம் கைபேசியில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். பனிமேல் சாய்ந்த சிலுவைகள், புதிதாக வெட்டிய குழி, சவப்பெட்டியைச் சுமந்து வாசலை நோக்கிப் போகும் துறவிகள் என்று அந்த இருட்டுக்குள் ஒரு சாவு ஊர்வலமே போய்க்கொண்டிருந்தது. நான் பூசிய கருப்பில் இவர்களுக்கு இடமே இல்லை.

சரி, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை கருப்பு ட்யூபைத் தொடவில்லை. பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பும் அல்ட்ராமரைன் என்ற ஆழ்நீலமும் கலந்து, எண்ணெய் சேர்த்து நீர்க்கவிட்டு, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக நான்கு பூச்சு. மூன்றாவது பூச்சில்தான் அடியில் இருந்த சிலுவைகள் மங்கலாக, ஆனால் இருப்பது தெரிகிற மாதிரி நின்றன. அன்று இரவு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1810இல் பெர்லினில் இந்த ஓவியம் ஃபிரீட்ரிக்கின் இன்னொரு ஓவியமான ‘கடலோரத் துறவி’யுடன் சேர்த்துக் காட்சிக்கு வந்தது. பிரஷ்ய அரசர் இரண்டையும் வாங்கினார். அந்தத் துறவியைத்தான் இங்கே அடக்கம் செய்யக் கொண்டுபோகிறார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அதைப் படித்தபிறகு, நெல்மணி உயரமே உள்ள அந்த உருவங்களை அவசரமாகப் போட மனம் வரவில்லை. மெல்லிய பிரஷில் ஒரு நாளைக்கு இரண்டு பேர்.

சுவர்தான் இன்னும் குழப்பம். இந்தச் சுவருக்கு ஃபிரீட்ரிக் மாதிரியாக எடுத்துக்கொண்டது, தான் பிறந்த ஊரான கிரைஃப்ஸ்வால்டுக்குப் பக்கத்தில் உள்ள எல்டெனா மடத்தின் இடிபாடு. சிஸ்டர்சியர் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் செங்கல்லால் கட்டியது. பிற்காலத்தில் அந்தச் செங்கற்களைப் பெயர்த்து ஊரின் கோட்டை வேலைக்குக் கொண்டுபோனார்கள். படத்திலோ செங்கல் வரி எதுவும் கண்ணில் படவில்லை, அந்தி வெளிச்சத்தில் பழுப்பாக ஒரே சுவர். நான் செங்கல் சிவப்பு கொஞ்சம் சேர்த்துப் பார்த்தேன். உடனே சுவர் முன்னால் வந்து நின்று ஊர்வலத்தை அமுக்கிவிட்டது. துணியால் துடைத்து எடுத்தேன்.

இனி வானம். மூடுபனிக்கு மேலே மஞ்சள் வெளிறிப்போகும் இடத்தில் பிறை வைக்க வேண்டும். கீழே பூசியது தொட்டால் இன்னும் ஒட்டுகிறது, ஒரு வாரம் காயட்டும்.