அப்பாவுக்கு வாரிசு அப்பத்தா

அப்பா போனது ஐப்பசியில். கண்மாய்க்குத் தண்ணீர் வர ஆரம்பித்திருந்த நேரம். செட்டிநாடு என்றால் எல்லோருக்கும் பெரிய வீடுகள்தான் ஞாபகம் வரும். நாங்கள் அந்த மாதிரி வீடுகளுக்குத் தரைக்கல் வார்த்துக் கொடுக்கிற பக்கம். மழைக்காலத்தில் வயல், கோடையில் ஆத்தங்குடி கல் பட்டறை. கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றிப் பூப்போடுவார் அப்பா. எங்கள் வீட்டில் கடைசிவரை சிமெண்ட் தரைதான்.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். கிராமம் என்பதால் வி.ஏ.ஓ.விடமே வேலை முடிந்தது. கருமாதிக்கு முன்பே தம்பி பார்த்துக்கொண்டான். வாரிசுச் சான்றிதழில்தான் மாட்டிக்கொண்டோம்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, அம்மா, நான், தம்பி, கட்டிக்கொடுத்த தங்கச்சி என்று நாலு பேர் ஆதாரையும் ஏற்றினேன். ஒரு வாரத்தில் வி.ஏ.ஓ. கூப்பிட்டார்.

"அப்பாவோட அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"அப்ப அவங்களையும் சேர்க்கணுமே தம்பி."

1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் மகன் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. திண்ணையில் தினமும் பார்க்கிற கிழவியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து மனு.

கைரேகை வைக்கக் கூப்பிட்டபோது அப்பத்தா சீறினாள்: "எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன்டா அவன். அவனுக்கு நான் வாரிசா?" அரைமணி நேரம் விரலை நீட்டவே இல்லை.

விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. எதிர்வீட்டுச் சித்தப்பாவிடம் "இவருக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று மட்டும்தான் கேட்டார். சித்தப்பா "மூணு" என்றதோடு நிற்கவில்லை. கண்மாய்க் கரை உடைப்பெடுத்த ராத்திரி அப்பா மண்மூட்டையோடு இறங்கி விடியும்வரை மார்பளவு தண்ணீரில் நின்றது, மறுநாள் காய்ச்சலோடு வந்து, கடைமடைக்காரனுக்கு முதலில் தண்ணீர் விடுங்கள் என்று சண்டை போட்டது, என்னைத் தோளில் வைத்து சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தது... கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆள் என்பதையும் அவர் விடவில்லை. பாதி எனக்கே புதுசு. வி.ஏ.ஓ. பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்து கேட்டார். கருமாதியன்றுகூட யாரும் அப்பாவைப் பற்றி இவ்வளவு பேசவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் பந்திக் கவலை.

ஆதாரில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பழைய பட்டாவில் இன்னொரு மாதிரி. அதற்கும் கொஞ்சம் அலைந்தோம். ஒருவழியாகத் தாசில்தார் கையெழுத்தோடு சான்றிதழ் வந்தது. ஐந்து பெயர். அடுத்து கூட்டுப் பட்டாவுக்கு மனு போட்டிருக்கிறோம்.

சான்றிதழைப் படித்துக் காட்டிய அன்று சாயங்காலம் அப்பத்தா கேட்டாள்: "எனக்கும் பங்கு உண்டுல்லடா?"

"உண்டு அப்பத்தா."

"அப்ப மடையோரம் எனக்குன்னு எழுதச் சொல்லு. அவன் நின்ன இடம்."

கூட்டுப் பட்டாவில் அப்படிப் பிரித்தெல்லாம் எழுத மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.