வளைவு எதற்காக வந்தது

செட்டிநாட்டுப் பழைய சாலைகளில் பல, கண்மாய்க் கரையில் ஏறி இறங்குகிறவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டி ஓடக் கிடைத்த மேடு அதுதான். மிகைநீர் வழியும் கலுங்கு வந்தால் சாலை ஒதுங்கித் திரும்பும்.

வளைவை நேராக்கச் சொல்லி உத்தரவு வரும்போது கணக்கு எளிது: மணிக்கு 50 கி.மீ. வேகத்துக்கு 90 மீட்டர் ஆரம் போதும், 80 கி.மீ.க்கு 230 மீட்டர் வேண்டும். கரை அவ்வளவு விரிந்து கொடுக்காது. ஆகவே புதுத்தடம் ஒன்று நீர் தேங்கும் உள்வாய்க்குள் இறங்கும், இல்லையென்றால் கரைக்கு வெளியே பாசன வயலான ஆயக்கட்டில் போகும். உள்வாயில் போட்டால் சாலையே இன்னொரு கரையாகிக் கண்மாயை இரண்டாக்கும். இரு பக்க நீரும் சமப்படக் குழாய்ப் பாலங்கள் தேவை. ஆயக்கட்டில் கரைக்கசிவு ஓயாது. களிமண் காயாமல், முதலில் சாலையின் ஓரம் அமுங்கும், பிறகு தார் பிளக்கும்.

சர்வே பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் நடப்பதுதான் கோளாறு. வறண்ட உள்வாய் அப்போது வெறும் பொட்டல் மாதிரிதான் தெரியும். முதல் லெவலைக் கலுங்கின் தலையில் எடுங்கள். அதன்மேல் வழிந்த உயரத்தைக் கூட்டி வெள்ள மட்டம் குறியுங்கள். சப்கிரேடின் (சாலை அடுக்குகளைத் தாங்கும் இறுக்கிய மண்படுகையின்) அடிமட்டம் அதைவிட 0.6 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும்.

உள்ளூர்ச் செம்மண் சரளை மலிவு என்று ஜி.எஸ்.பி.க்கு (சப்கிரேடின் மேல் வரும் சரளை அடுக்குக்கு) அப்படியே கொட்டுவார்கள். திரவ எல்லை (மண் கூழாகத் தொடங்கும் ஈர அளவு) 25, பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் (மண் பிசையும் பதத்தில் இருக்கும் ஈர வீச்சு) 6, இவற்றைத் தாண்டினால் முதல் மழையிலேயே குழையும். சோதித்துவிட்டுக் கொட்டுவதே மலிவு.

ஊருக்குள் அகலப்படுத்துவது வேறு வம்பு. நகரத்தார் வீடுகளில் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீள்பவை. எந்தத் தெருவை விரித்தாலும் வீட்டின் ஏதாவது ஒரு கட்டு (பகுதி) போகும், அதனால்தான் புறவழிச்சாலை.

எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தக) வரைபடங்களைக் கிராம எல்லையில் ஒட்டிப் பார்க்காமல் கல் நடாதீர்கள். கானாடுகாத்தானைத் தாண்டித் திருமயம் பக்கம் கூடுதல் கவனம் தேவை: 1948 வரை அது புதுக்கோட்டை சமஸ்தானம், நில ஆவணங்களும் தனி. இந்தப் பக்கம் சிவகங்கை ஜமீன். அதே ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே ரயத்துவாரிக்கு (உழவரே அரசுக்கு நேராகத் தீர்வை கட்டும் முறைக்கு) வந்தது.

நேராக்கியபின் கழிந்த வளைவு பதிவேட்டில் சாலைப் புறம்போக்காகவே கிடக்கும். புளியமரங்கள் பழைய வளைவிலேயே நிற்கும். அடுத்த அளவையில் வேலி எங்கே என்று சண்டை வந்தால், அந்த மர வரிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.