ஏதென்ஸ் போகிறவர்கள் கவனத்துக்கு

குன்றின் மேலுள்ள பழங்காலக் கோட்டையான அக்ரோபோலிஸைப் பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். பிரேயஸ் துறைமுகத்தில் படகேறினால் ஏஜினா, போரோஸ், ஹைட்ரா மூன்று தீவுகளையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

எனக்கு மனம் ஒட்டிக்கொண்டது ஹைட்ராவில்தான். குப்பை வண்டி மாதிரி சிலவற்றைத் தவிர அங்கே மோட்டார் வாகனமே கிடையாது. படகில் வந்திறங்கும் பெட்டி படுக்கை முதல் கட்டடச் சாமான் வரை கோவேறு கழுதைகளின் முதுகில்தான் படியேறுகின்றன. துறைமுகத்தை அரைவட்டமாகச் சூழ்ந்து நிற்கும் பழைய கல் மாளிகைகள் கப்பல் முதலாளிகள் கட்டியவை. 1821இல் துருக்கியருக்கு எதிராகக் கிரேக்க விடுதலைப் போர் வெடித்தபோது, தங்கள் வணிகக் கப்பல்களையே போருக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். இத்தனை சின்னத் தீவுக்கு எவ்வளவு பெரிய நெஞ்சு!

போரோஸை நெருங்கும்போது கட்டாயம் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். ஒரு பக்கம் மலைச்சரிவில் அடுக்கடுக்காய் வெள்ளை வீடுகள், எதிர்ப்பக்கம் கிரேக்கத்தின் தென்பகுதியான பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் கரை, நடுவே ஒடுங்கிய நீர்வழி. ஏஜினாவில் பிஸ்தா வாங்க மறக்காதீர்கள், அந்த மண்ணுக்கே உரிய ருசி அது.

அப்புறம், ஒரே நாளில் மூன்று தீவு என்பது ஓட்டம்தான். முடிந்தால் ஹைட்ராவில் ஓர் இரவாவது தங்குங்கள். கோடையில் என்றால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்லது.