இந்த ராண்டம் எங்கிருந்து வந்தது?

நேற்று மாலை முழுக்க ஒரே பிழை. தற்செயல் எண் தரும் ராண்டம் மாட்யூலில் ராண்டின்ட் என்ற ஃபங்ஷன் இல்லை என்றது பைத்தான் நிரல் மொழி. எப்படி இல்லாமல் போகும்? பைத்தானையே மறுபடி நிறுவிப் பார்த்தேன், பலனில்லை.

அப்புறம்தான் அந்த மாட்யூல் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று சொல்லும் ஃபைல் பண்பை, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு, பிரின்ட் செய்தேன். வந்த பாதை என் ப்ராஜெக்ட் ஃபோல்டர்! போன வாரம் சோதனைக்காக நானே அந்தப் பெயரில் ஒரு கோப்பு எழுதி வைத்திருந்தேன். மாட்யூல்களை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்று பைத்தான் வைத்திருக்கும் சிஸ் பாத் பட்டியலில், ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர்தான் முதலில் நிற்கும். அசல் ராண்டம் இருக்கும் நூலக ஃபோல்டர் அதற்குப் பிறகுதான். பெயரை மாற்றினேன், சரியாகிவிட்டது.

சிஸ் போல பைத்தானுக்கு உள்ளேயே கட்டப்பட்ட மாட்யூல்களுக்கு இந்த ஃபைல் பண்பு கிடையாது. இம்போர்ட் செய்யும் முன்பே பாதை தெரிய வேண்டுமென்றால், இம்போர்ட்லிப் யுடிலில் உள்ள ஃபைண்ட் ஸ்பெக் ஃபங்ஷன் தரும் ஆரிஜின் மதிப்பைப் பாருங்கள்.