பானெட் சூடாக இருந்தது

வாங்கலாமென்று காலையில் பார்க்கப் போன பழைய கூப்பே, அதாவது இரண்டு கதவுக் கார். பானெட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பு.

ஆள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள்.

போனிலேயே சொல்லிவிட வேண்டும்: "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க." எஞ்சினுக்குள் வால்வுகளை ஓட்டும் டைமிங் செயின் தளர்ந்த கடகட சத்தமும், வால்வு சீல் தேய்ந்ததால் வரும் நீலப்புகையும், ஆறிய எஞ்சினில் முதல் சில நொடிதான் தெரியும். சூடேறினால் அடங்கிவிடும்.

ஜாகுவார் எக்ஸ்கே8, 1996இல் வந்தது. என்ன அழகு! ஆனால் ஆரம்பகால 4.0 லிட்டர் வி8இல் அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பிளாஸ்டிக். அது விரிசல் விட்டால் செயின் தாண்டும், வால்வில் பிஸ்டன் இடிக்கும், எஞ்சினே போகும். வால்வு கவரைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே உலோக டென்ஷனர் இருந்தால் மாற்றியாச்சு. பில்லையும் கேளுங்கள்.

போர்ஷே 911இல் 996 வகை என்றால் பயம் ஐஎம்எஸ் பேரிங், எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங். அது உடைந்தால் எஞ்சினே போகும். அதே 996இன் டர்போ, ஜிடி3 மாடல்களில் எஞ்சின் வேறு, அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. மற்றவற்றில் ஆயில் ஃபில்டரை எடுத்து, காகித மடிப்பை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். உலோகத் துகள் மின்னினால் அத்தோடு கிளம்பிவிடுங்கள்.

டயரில் 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும்.

கார் விலை பாதாளத்துக்கு இறங்கியிருக்கலாம். பிரேக் டிஸ்க் விலை இறங்காது. அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.