பத்துக்குப் பத்து பலகைக்கு ஆள் பிடித்த கதை

எங்க நைனா தபாலில் செஸ் ஆடியவர். தண்டையார்பேட்டை வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. திறந்தால் 15 பைசா போஸ்ட் கார்டுகள் கட்டுக்கட்டாக இருக்கும். ஒவ்வொன்றிலும் நலம் விசாரித்து இரண்டு வரி, அதற்குக் கீழே 5254 என்பதுபோல நாலு எண். ஐந்தாவது நெடுவரிசையில் இரண்டாம் கட்டத்துக் காயை அதே நெடுவரிசையின் நாலாம் கட்டத்துக்கு நகர்த்து என்று அர்த்தம். எந்த மொழிக்காரருக்கும் புரியும். ஓர் ஆட்டம் முடிய இரண்டு வருஷம்கூட ஆகும் என்பார்.

எனக்கு எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. ஐந்து நிமிட ஆன்லைன் செஸ்ஸெல்லாம் சரிப்படாது. நடு ஆட்டத்தில் கேட்டில் டிரெய்லர் வந்து நின்றால் போனைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஆகவே நானும் நைனா வழிக்கே வந்தேன். நாளுக்கு ஒரு நகர்த்தல், அதுவும் வழக்கமான செஸ் இல்லை. செஸ்ஸின் மாற்று வடிவங்கள். அதற்கென்றே கேம் கூரியர் என்று ஒரு சர்வர் இருக்கிறது. 1995-இல் ஹான்ஸ் போட்லாண்டர் ஆரம்பித்த செஸ் வேரியன்ட் பேஜஸ் தளத்தில், ஃபெர்கஸ் டுனிஹோ எழுதியது. நூற்றுக்கணக்கான ஆட்டங்களுக்கு அங்கே பலகை உண்டு. நாம் நகர்த்தினால் எதிராளிக்கு மெயில் போகும், அவர் நகர்த்தினால் நமக்கு வரும். போஸ்ட்மேன் வேலையை சர்வர் பார்க்கிறது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது கிராண்ட் செஸ். 1984-இல் கிறிஸ்டியன் ஃப்ரீலிங் உருவாக்கியது. பத்துக்குப் பத்து பலகை. பிஷப்பும் குதிரையும் ஒன்றான ஒரு காய், யானையும் குதிரையும் ஒன்றான இன்னொரு காய் என்று இரண்டு புது ஆட்கள். யானைகள் மட்டும் கடைசி வரிசை மூலைகளில் நிற்கும், மற்றவையெல்லாம் ஒரு கட்டம் முன்னால். அதனால் யானைக்கு முதல் நாளிலிருந்தே வழி திறந்திருக்கும். பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

ஆசை இருந்தால் போதுமா, எதிரில் ஆள் வேண்டுமே. அழைப்பு இரண்டு வகை. பெயர் போடாமல் வைத்தால் பொது அழைப்பு: பட்டியலில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் ஏற்கலாம். ஒருவருடைய பயனர் பெயரைக் குறிப்பிட்டு அனுப்பினால் அது அவருக்கு மட்டும். நான் பொது அழைப்பாக வைத்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. லிசெஸ் மாதிரி பெரிய ஆன்லைன் செஸ் தளத்தில் லட்சக்கணக்கானவர்கள் இருப்பதால் அழைப்பைப் போட்டதும் யாராவது எடுத்துக்கொள்வார்கள். இங்கே கூட்டம் சின்னது. ஆளுக்கு நாலைந்து பிடித்த ஆட்டங்கள், ஏற்கெனவே கையில் நாலைந்து பலகைகள். புதுப் பெயர் ஒன்று அழைத்தால், இவன் பாதியில் காணாமல் போய்விடுவானோ என்று தோன்றத்தானே செய்யும்? அது நியாயமான பயம். தபால் ஆட்டத்தில் பதில் போடாத எதிராளியைப் போலக் கசப்பு வேறெதுவும் இல்லை.

எனவே நானே மற்றவர்களின் அழைப்பை எடுப்பது என்று முடிவு செய்தேன். பட்டியலில் காபாபிளாங்கா செஸ்ஸுக்கு ஒன்று காத்திருந்தது. பத்துக்கு எட்டு பலகை, அதே இரண்டு புதுக் காய்கள். சட்டென்று ஏற்றுவிட்டேன். நேரக் கணக்கு என்னவென்று பார்க்கவில்லை. அங்கேதான் தப்பு.

நேரக் கணக்கை நம்ம ஊர்த் தண்ணீர்க் கணக்கோடு வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். கிரேஸ் டைம் என்பது தினம் குழாயில் வருகிற தண்ணி. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அது புதிதாகக் கிடைக்கும். ஸ்பேர் டைம் என்பது தொட்டியில் சேர்த்து வைத்தது. குழாய்த் தண்ணிக்குள் வேலையை முடித்தால் தொட்டி குறையாது. தாண்டினால் தொட்டியிலிருந்து போகும். தொட்டியும் காலியானால் ஆட்டம் போச்சு. நான் ஏற்ற ஆட்டத்தில் கிரேஸ் ஒரு நாள். தொட்டி ரொம்பச் சின்னது, அதையும் இரண்டு நைட் ஷிப்டில் முக்கால்வாசி கரைத்திருந்தேன்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணி. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. கீழ்வீட்டு அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தபோது செஸ் எங்கே நினைவுக்கு வரும்? வியாசர்பாடியில் இருக்கிற அக்கா வீட்டில் இன்னும் மோசம். நாலாம் நாள் போனுக்கு உயிர் வந்தபோது மெயிலைப் பார்த்தேன்: நேரம் முடிந்து தோல்வி. ஒரு குதிரை கூடுதலாக வைத்திருந்தேன். வெற்றி கையில் இருந்த ஆட்டம். எதிராளி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் போட்ட நிபந்தனைக்கு நான்தான் சரி என்று சொன்னேன்.

நைனாவிடம் சொன்னபோது, "ஆட்டத்துக்குக் கூப்புடறப்பவே பேசி முட்சிக்கணும்டா. நாங்கள்லாம் மொத கார்டுலயே எத்தினி நாளுன்னு எய்திடுவோம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் வைக்கிற அழைப்புகள் வேறு மாதிரி. கிரேஸ் மூன்று நாள், ஸ்பேர் ஒரு மாதம். ஆட்டம் இழுக்கும்தான், இழுக்கட்டும். மழைக்காலத்தில் ஆரம்பிக்கிற ஆட்டம் என்றால் ஸ்பேரை இன்னும் கூட்டிவைப்பேன். லிசெஸ்ஸின் தபால் பாணி ஆட்டத்தில் இந்தத் தொட்டிக் கணக்கு கிடையாது: ஒரு நகர்த்தலுக்கு 1, 2, 3, 5, 7, 10, 14 நாள் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே வடசென்னைக்காரர் யாராவது என்னைக் கேட்டால் டிசம்பரில் ஏழுக்குக் கீழே போகாதீர்கள் என்பேன்.

நேரத்துக்கு அடுத்தது விதி. பல ஆட்டங்களுக்கு சர்வரே விதியைக் காவல் காக்கும், தப்பான நகர்த்தலை ஏற்காது. சிலவற்றில் பலகையையும் காய்களையும் கொடுத்துவிட்டு மீதியை ஆடுகிறவர்களிடமே விட்டுவிடும். அப்படிப்பட்டதற்கு அழைத்தால், எந்த விதிப்படி ஆடுகிறோம் என்று முதலிலேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. காவல் இருந்தாலும் படிக்காமல் போகக் கூடாது. ஒருவருக்குத் தனியாக எழுதி அழைத்து, கடைசியில் எனக்கு ஒரு கிராண்ட் செஸ் ஆட்டம் கிடைத்தது. அதில் சிப்பாயைப் பத்தாவது கட்டத்துக்கு ஓட்டி ராணியாக்குவதற்காக ஒரு பிஷப்பைப் பலி கொடுத்தேன். ஒன்பதாவது கட்டத்தில் நிற்கும்போதுதான் விதியை முழுசாகப் படித்தேன். வெட்டுப்பட்ட நம் காயாக மட்டும்தான் சிப்பாய் மாற முடியும். என் ராணியோ பலகையில் நன்றாக இருக்கிறாள். அந்தப் பிஷப்பாக மாற்றி, கொடுத்ததைத் திரும்ப வாங்கியதோடு சரி. டிராவில் முடிந்தது.

தனி அழைப்பு எனக்குப் பலித்ததற்குக் காரணம் நான் காட்டிய பொறுமை என்றுதான் நினைக்கிறேன். முதலில் மற்றவர்களின் அழைப்புகளை ஏற்று நாலு ஆட்டங்களைக் கடைசிவரை ஆடினேன். தோற்கிற ஆட்டத்திலும் நகர்த்தாமல் இழுத்தடிக்கவில்லை. முடிந்த ஆட்டங்கள் எல்லார் கண்ணிலும் படும்படி அங்கேயே இருக்கும். அதுதான் நம் ஜாதகம். பிறகு கிராண்ட் செஸ் ஆடி முடித்தவர்கள் யார் என்று பழைய ஆட்டங்களில் தேடி, அதில் ஒருவருக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டார்.

போன மாதம் நைனாவுக்கே ஓர் அழைப்பு அனுப்பினேன். காபாபிளாங்கா செஸ், அவருக்கு வெள்ளை. பயனர் கணக்கு தொடங்கிக் கொடுத்து, யார்டுக்குப் போய் அங்கிருந்து அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. போன் செய்தேன்.

"நைனா, மெயில் வந்துச்சா?"

"ஒண்ணும் வர்லியேடா."

ஸ்பாமில் கிடந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வேலையாக சர்வரின் மெயில் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அழைப்பு மட்டுமில்லை, ஒவ்வொரு நகர்த்தலுக்கான மெயிலும் அந்த வழியாகத்தான் வரும்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய நோட்டில் பலகை வரைந்துகொண்டிருந்தார். ஸ்கேல் வைத்துப் பத்து நெடுவரிசை, எட்டுக் கிடைவரிசை. "பத்தாவதுக்கு ரெண்டு எண் வருதே, நாலு எண் கணக்கு ஒதைக்குது. அதுக்கு 0 போட்டுக்கினேன்" என்றார். அந்தக் கணக்கில் யானையின் கட்டம் 01. பலகைக்குக் கீழே தேதி போட்டு, தன் முதல் நகர்த்தலை எழுதியிருந்தார்: 6264. ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாய், இரண்டு கட்டம்.