ஐந்து சென்ட் பூங்கார்: வயலில் தப்பித்தது, மில்லில் மாட்டியது

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழாவில் ஒரு கணக்கு உண்டு. 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கணக்கில் வந்த பூங்கார் என்கிற பாரம்பரியச் சிவப்பரிசி நெல் விதை என் கைக்கு வந்து சேர்ந்தது வைகாசியில். அப்பா இருந்தவரை எங்கள் நிலத்தில் சி.ஆர். 1009 என்கிற வெள்ளை அரிசி ரகம்தான். எனக்கு வார நாட்களில் தஞ்சாவூரில் ஆபீஸ், சனி ஞாயிறுதான் வயல். அதனால் மொத்தத்தையும் மாற்றவில்லை, வீட்டுக் கொல்லையை ஒட்டிய ஐந்து சென்ட் மட்டும்.

ஆவணியில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதை தெளித்து, பூ எடுக்கிற நேரத்தில் மடக்கி உழுதேன். ஒற்றை நாற்று நடவுக்கு விதை அதிகம் தேவையில்லை. கால் கிலோ போதும் என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்து வயல் சித்தப்பாவிடம் நீட்டினேன். "இதப் போட்டு என்னடா பண்றது, டிபிசில எடுப்பானா?" என்று கேட்டாரே தவிர கையில் வாங்கவில்லை. டிபிசி என்றால் அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம். அன்றைக்கு அதைப் பழைய ஆளின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 4, விதைப்பு. வாளித் தண்ணீரில் நாட்டுக்கோழி முட்டையைப் போட்டு, அது மிதந்து ஒரு ரூபாய்க் காசு அளவு வெளியே தெரிகிறவரை உப்பைக் கரைத்தேன். அதில் நெல்லைக் கொட்டியதும் ஒரு கைப்பிடி மேலே மிதந்தது. முழுசாகத்தான் தெரிந்தது, நசுக்கினால் உள்ளே பாதிகூட இல்லை. மூழ்கியதை மூன்று தண்ணீர் கழுவி, ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி இன்னொரு நாள் இருட்டில் வைத்தேன்.

அக்டோபர் 19, நடவு. நாற்றுக்கு 15 நாள். கயிறு கட்டி 25 சென்டிமீட்டருக்கு ஒன்று. நட வந்த அக்கா இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "ஒத்த நாத்த நட்டா வயலு மொட்டையா நிக்கும் தம்பி." முதல் இரண்டு வாரம் மொட்டையாகத்தான் நின்றது. ராத்திரி படுத்தால் அந்த வயல்தான் கண்ணில் வரும்.

சாணி, கோமியம், வெல்லம் கரைத்த அமிர்தக் கரைசல் மூன்று முறை கொடுத்தேன். நவம்பர் நடுவில் இலைச்சுருட்டுப் புழு. தென்னை மட்டையை அங்கங்கே நட்டுவைத்ததில் கரிச்சான் வந்து உட்கார ஆரம்பித்தது. குருவி பொறுக்கியதா, தானாகவே அடங்கியதா, சொல்லத் தெரியவில்லை. மருந்து அடிக்கவில்லை, பயிர் தேறியது. கடைசி வார மழையில் நான்கு நாள் பயிர் முக்கால்வாசி தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு ஒரு குத்தை எண்ணினேன்: 23 தூர். நட்ட அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். அவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஜனவரி 21, அறுவடை, 109-ஆம் நாள். பொங்கலுக்கு ஒரு வாரம் தப்பிவிட்டது. பக்கத்து வயலில் மெஷின் வந்து அரை மணியில் அறுத்துவிட்டுப் போயிற்று. என் ஐந்து சென்டுக்கு மெஷினைத் திருப்பவே டிரைவருக்கு மனசில்லை. ஆள் வைத்து அறுத்து, கல்லில் அடித்து, தூற்றி எடுத்தால் 41 கிலோ நெல்.

அதற்கு அப்புறம்தான் கதையே.

எங்கள் ஊரில் இருந்த சின்ன மில் மூடி வருஷம் பல ஆகிறது. டவுன் மில்லில் ஐந்து மூட்டைக்குக் குறைந்து எடுக்கமாட்டார்கள். இன்னொரு மில்காரர் நெல்லைக் கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்து, சிவப்பு தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இது மெஷினுக்குள் கொஞ்சம் தங்கினாலும் அடுத்தவருடைய வெள்ளை அரிசியில் சிவப்பு விழும், அப்புறம் ஒரு மூட்டை வெள்ளை நெல்லை ஓட்டிக் கழுவ வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. சித்தப்பா டிபிசி பற்றிக் கேட்டதும் இதே விஷயம்தான். அங்கே 2024-25 பருவத்தில் சன்ன ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகை 130 ரூபாயும் சேர்த்து குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் சாக்கு தைத்து ஏற்றிவிடலாம். கொள்முதல், அரவை, ரேஷன் என்று அத்தனையும் ஒரே மாதிரி வெள்ளை அரிசிக்குப் போட்ட பாதை. அதில் நாற்பது கிலோ சிவப்பு நெல்லுக்கு இடம் கிடையாது.

இது யாரோ செய்த சதி என்று எனக்குத் தோன்றவில்லை. 1966-இல் ஐ.ஆர். 8 என்கிற குட்டை நெல் ரகம் வந்தபோது நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு. நெட்டைப் பயிருக்கு யூரியா போட்டால் சாய்ந்துவிடும், குட்டைப் பயிர் தாங்கி நிற்கும். அந்தக் குட்டை நெல்தான் பலர் வீட்டில் உலை வைத்தது. ஆனால் அதன் பின்னாலேயே விதை, உரம், மில், கொள்முதல் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. பழைய நெல் வயலிலிருந்து போனதுகூடப் பெரிசில்லை. அதை அரைக்கிற மெஷினும் போய்விட்டதே, அதுதான் இடிக்கிறது. விதை தர இன்றைக்கு அரசுத் திட்டமே இருக்கிறது. அரைக்கத்தான் ஆள் இல்லை.

கடைசியில் 18 கிலோமீட்டர் தள்ளி ஒருவர் வீட்டுத் திண்ணையில் சின்ன மெஷின் வைத்திருப்பது தெரிந்தது. கொண்டுபோவதற்கு முன் அம்மா நெல்லை வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் வாய் பிளக்கிறவரை அவித்துத் தந்தார். "நிழல்ல காய வைடா" என்றதை நான் கேட்கவில்லை. நல்ல வெயிலில் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பலன், கால்வாசி நொய். சிவப்புத் தோலும் பாதி தவிட்டோடு போய், அரிசி வரிவரியாக வந்தது. விதைக்கு எடுத்தது போக 36 கிலோ நெல்லுக்கு, நொய்யும் சேர்த்து 22 கிலோ.

செலவு: உழவு 400, நடவு 800, களை 400, அறுப்பும் அடிப்பும் 900, ஆட்டோவும் அரவையும் 350. மொத்தம் 2,850. கிலோ 130 ரூபாய் விழுகிறது, என் சனி ஞாயிறுக்குக் கூலி போடாமல். ரேஷனில் 2011-லிருந்து அரிசி சும்மா. கூலி வேலைக்குப் போகிறவரிடம் நான் பூங்கார் பெருமை பேசினால் அடிக்க வருவார்.

ருசி? நொய்க் கஞ்சி பிரமாதம். சோறு முதல் நாள் ரப்பர். ராத்திரியே ஊறப்போட்டு, ஒன்றுக்கு மூன்றரை தண்ணீர் வைத்த பிறகு சரியாக வந்தது. மறுநாள் நீராகாரம்தான் எனக்குப் பிடித்தது. மகள் தட்டைத் தள்ளிவிட்டு வெள்ளைச் சோறு கேட்டாள், போட்டோம்.

அடுத்த பருவத்துக்குப் பத்து சென்ட். அதற்கு முன் சித்தப்பாவையும் சேர்த்து நாலு பேரைப் பிடித்தால் ஐந்து மூட்டை தேறுமா என்று பார்க்க வேண்டும், டவுன் மில்காரர் ஒரு நாளாவது மெஷினைத் திருப்புவார். திருப்பித் தர வேண்டிய 4 கிலோ நொச்சி இலையோடு பானையில் இருக்கிறது. எனக்கென்று வைத்த 1 கிலோவில் போன வாரம் எலி கொஞ்சம் எடுத்துக்கொண்டது.